சூடேற மறுக்கும் மின்சூளை

குயவர் வைக்கும் சூளையை நம்மில் பலர் பார்த்திருப்போம். பச்சைப் பானைகளை அடுக்கி, விறகும் வறட்டியும் வைக்கோலும் இட்டு மூடித் தீ வைப்பார்கள். தீயின் நிறத்தையும் புகையின் போக்கையும் பார்த்தே அனுபவமுள்ள குயவர் சூளை வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். இதே வேலையை மின்சாரத்தால் செய்யும் சூளைகளும் உள்ளன. பீங்கான் கோப்பை, தட்டு, பூச்சாடி முதலியவற்றைச் சிறிய அளவில் செய்பவர்கள் இன்று பெரும்பாலும் மின்சூளையையே நாடுகிறார்கள். புகை இல்லை, விறகு இல்லை, விசையைத் தட்டினால் போதும். ஆனால் இந்தச் சூளைக்கு ஒரு நோய் வருவதுண்டு. ஒன்பது மணி நேரத்தில் சூடேறியது, மெல்ல மெல்ல பத்து, பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம் என்று இழுக்கத் தொடங்கும். கடைசியில் எவ்வளவு நேரம் எரித்தாலும் வேண்டிய வெப்பநிலையை எட்டவே எட்டாது.

அத்தகைய சூளை ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. அதன் நோயைக் கண்டுபிடிக்க உதவியவை எல்லாம் மேனிலைப் பள்ளி இயற்பியலில் நாம் படிக்கும் விதிகளே. அந்த விதிகளை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லித்தரும் நானே முதலில் தவறிவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரி அருகே ஒரு பட்டறை

புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் இருவர் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக்கூடத்தைத் தொடங்கினார்கள். அதன் பிறகு அந்த வட்டாரத்தில் சிறு மட்பாண்டப் பட்டறைகள் பல தோன்றின. அத்தகைய பட்டறை ஒன்றை நான்கு பெண்களுடன் நடத்தி வரும் அம்மையார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் எங்கள் கல்லூரி மாணவன்.

“சார், சூளை செத்துப்போச்சுன்னு சொல்றாங்க. புதுசு வாங்கணுமாம். கடன் வாங்கித்தான் வாங்கணும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து பாருங்க” என்றார்.

இருநூறு கோப்பைகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். இரண்டு முறை சூளை வைத்தும் கோப்பைகளின் மேல் பூசிய கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு சரியாக உருகவில்லை. பளபளப்புக்குப் பதிலாகச் சொரசொரப்பாக நின்றுவிட்டது. இப்படி அரைகுறையாக வெந்த கோப்பையை விற்க முடியாது. அதில் தேநீர் ஊற்றினால் உள்ளே ஊறும், கறை பிடிக்கும். நான்கு குடும்பங்களின் கூலி அந்தச் சூளையை நம்பி இருந்தது.

சூளையின் விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மும்முனை மின்சாரத்தில் இயங்குவது. உள்ளே ஆறு வெப்பச் சுருள்கள். ஒவ்வொரு முனைக்கும், அதாவது மின்பணியாளர் ‘ஃபேஸ்’ என்று சொல்லும் ஒவ்வொரு கம்பிக்கும், இரண்டு சுருள்கள் பக்க இணைப்பில் பொருத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு சுருளும் 230 வோல்ட் அழுத்தத்தில் 1.5 கிலோவாட் திறன் தரும். ஆறும் சேர்ந்தால் 9 கிலோவாட். எட்ட வேண்டிய வெப்பநிலை சுமார் 1220 டிகிரி செல்சியஸ்.

ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுதல்

நோயை ஆராயும் முன், நலமான சூளை எப்படிச் சூடேறுகிறது என்று பார்ப்போம்.

அடியில் சிறு ஓட்டை உள்ள குடம் ஒன்றில் குழாயிலிருந்து நீர் விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நீர்மட்டம் விரைவாக உயரும். மட்டம் உயர உயர, ஓட்டையின் மேல் அழுத்தம் கூடி, ஒழுகும் நீரும் கூடும். எனவே மட்டம் உயரும் வேகம் குறைந்துகொண்டே வரும். விழும் நீரும் ஒழுகும் நீரும் சமமாகும் இடத்தில் மட்டம் நின்றுவிடும். அதற்கு மேல் நாள் முழுவதும் குழாயைத் திறந்து வைத்தாலும் குடம் நிரம்பாது.

சூளையும் இப்படித்தான். குழாய் நீர் என்பது சுருள்கள் தரும் மின்திறன். நீர்மட்டம் என்பது வெப்பநிலை. ஒழுகும் நீர் என்பது சுவர் வழியாகவும் கதவு இடுக்கு வழியாகவும் வெளியேறும் வெப்பம். சுவர் வழியே வெப்பம் கடத்தப்படும் அளவு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை ஒட்டி உயர்கிறது. இடுக்கு வழியே கதிர்வீச்சாகத் தப்பும் வெப்பமோ இன்னும் வேகமாக உயர்கிறது. ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதிப்படி அது தனிவெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது. 600 டிகிரியில் ஓர் இடுக்கு வழியே தப்புவதைப் போல் எட்டு மடங்கு வெப்பம் 1200 டிகிரியில் அதே இடுக்கு வழியே தப்புகிறது. 1200 டிகிரியில் உள்ள சூளையில் ஒரு சதுர சென்டிமீட்டர் துளை திறந்திருந்தால், ஏறத்தாழ 27 வாட் கதிர்வீச்சாக வெளியே போகும்.

இதில் எவ்வளவு வெப்பம் பாண்டத்துக்குப் போகிறது என்றும் கணக்கிடலாம். பாண்டங்களும் அவற்றைத் தாங்கும் தட்டுகளும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். சுட்ட மண்ணின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1 கிலோஜூல். வெப்பநிலையை 1200 டிகிரி உயர்த்த 96,000 கிலோஜூல் வேண்டும். 3,600 கிலோஜூல் ஒரு யூனிட் மின்சாரம் ஆகையால் இது சுமார் 27 யூனிட். ஆனால் 9 கிலோவாட் சூளை 9 மணி நேரம் முழுவதுமாக எரிந்தால் செலவாவது 81 யூனிட். மீதி 54 யூனிட் செங்கற் சுவரைச் சூடாக்கவும் வெளியே ஒழுகவும் போகிறது. சூளையை வேகமாக ஏற்ற முடியாவிட்டால் இந்த ஒழுக்குச் செலவு இன்னும் கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த தவறு

நான் முதன்முதலில் பட்டறைக்குப் போனது ஒரு நண்பகல். சூளை அணைந்து கிடந்தது. கையோடு கொண்டுபோன மல்ட்டிமீட்டரால் மூன்று முனைகளிலும் மின்னழுத்தத்தை அளக்கச் செய்தேன். மூன்றிலும் 230 வோல்ட். “மின்சாரத்தில் குறை இல்லை, அம்மா. வெப்பம் எங்கோ ஒழுகுகிறது” என்று சொல்லிவிட்டேன். கதவின் ஓரத்தில் செங்கல் தேய்ந்து இடுக்கு விழுந்திருந்தது என் முடிவுக்குத் துணையாக நின்றது. வெப்பத்தைத் தாங்கும் பீங்கான் இழையை வைத்து அந்த இடுக்கை அடைத்தோம். அடுத்த முறை சூளை வைத்தார்கள். காலை 6 மணிக்கு மூட்டிய சூளை மாலை 6 மணிக்கு 1100 டிகிரியைத் தொட்டது. இரவு 9 மணிக்கு 1130. அதற்கு மேல் அசையவில்லை. இன்னொரு அடுக்குக் கோப்பைகள் வீணாயின.

என் தவறு என்ன? ஓடாத சூளையை அளந்தேன். மின்கலத்தைப் பற்றிய பாடத்தில், மின்னோட்டம் இல்லாதபோது அளப்பதும் மின்னோட்டம் பாயும்போது அளப்பதும் ஒன்றல்ல என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். மின்னோட்டம் பாயும்போதுதான் வழியிலுள்ள கம்பிகளிலும் இணைப்புகளிலும் அழுத்தம் விழும். அதுமட்டுமன்று. சூளை நோய்ப்பட்டது இரவில். நான் நாடி பார்த்தது நண்பகலில். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. எப்போது அளப்பது என்பதும் அதில் அடங்கும் என்று அன்று புரிந்துகொண்டேன்.

மாலை 7 மணிக்கு அளந்தபோது

அடுத்த முறை சூளை எரியும்போதே போனேன். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரும் உடன் வந்தார். அவரிடம் கவ்வு மீட்டர் இருந்தது. கம்பியை அறுக்காமல், அதைச் சுற்றிக் கவ்விக்கொண்டாலே மின்னோட்டத்தைக் காட்டும் கருவி அது. மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும் என்று 1820-ல் எர்ஸ்டெட் கண்டுபிடித்தாரல்லவா? அந்தக் காந்தப்புலத்தைக் கொண்டே இக்கருவி மின்னோட்டத்தை அறிகிறது.

மாலை 7 மணிக்குக் கிடைத்த அளவுகள் இவை. மின்னழுத்தம் மூன்று முனைகளிலும் 207 வோல்ட். மின்னோட்டம் முதல் முனையில் 10.7 ஆம்பியர், இரண்டாம் முனையில் 10.7 ஆம்பியர், மூன்றாம் முனையில் 5.3 ஆம்பியர்.

நலமான நிலையில் என்ன இருக்க வேண்டும்? ஒரு சுருளுக்கு 1,500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 6.5 ஆம்பியர். ஒரு முனையில் இரண்டு சுருள்கள் ஆகையால் 13 ஆம்பியர். இந்த ஓர் எண்ணோடு ஒப்பிட்டாலே மூன்று குறைகள் தெரிகின்றன.

முதற்குறை, மூன்றாம் முனையில் மின்னோட்டம் மற்றவற்றில் பாதி. ஆகவே அங்குள்ள இரண்டு சுருள்களில் ஒன்று அறுந்திருக்க வேண்டும்.

இரண்டாம் குறை, மின்னழுத்தம் 230-க்குப் பதில் 207. அதாவது 10 விழுக்காடு குறைவு. மாலையில் ஊரெங்கும் விளக்கும் விசிறியும் மோட்டாரும் ஓடுவதால் மின்பாதையின் கடைசியில் உள்ள அந்தப் பட்டறையில் அழுத்தம் தாழ்ந்துவிடுகிறது.

மூன்றாம் குறை சற்று மறைந்திருக்கிறது. ஓம் விதிப்படி 207 வோல்ட்டில் ஒரு சுருளில் 5.9 ஆம்பியர் பாய வேண்டும். பாய்வதோ 5.3. எனவே சுருள்களின் மின்தடை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியிருக்கிறது. புதிதில் சுமார் 35 ஓம் இருந்தது இப்போது சுமார் 39 ஓம்.

மறுநாள் சூளை ஆறிய பின், முதன்மை விசையை அணைத்து, சுருள்களின் இணைப்பைத் தனித்தனியே கழற்றி மின்தடையை அளந்தார் மின்பணியாளர். ஐந்து சுருள்கள் 39 ஓம் அளவில் காட்டின. ஒன்று முடிவிலி காட்டியது. மாலையில் தாளில் போட்ட கணக்கு காலையில் மெய்யாயிற்று.

அறுந்த சுருளும் ஏன் சிவந்து தெரிந்தது?

“எல்லாச் சுருளும் சிவப்பாத்தானே எரியுது சார்? நானே ஓட்டை வழியா பாத்தேனே” என்று அந்த அம்மையார் கேட்டார். அவர் பார்த்தது உண்மைதான்.

மட்பாண்டத் தொழிலில் புகழ்பெற்ற இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் வெட்ஜ்வுட் 1792-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். வெவ்வேறு பொருள்களைச் சூடாக்கினாலும் அவை எல்லாம் ஒரே வெப்பநிலையில்தான் சிவக்கத் தொடங்குகின்றன என்பதே அது. சூளைக்குள் 1000 டிகிரி இருக்கும்போது கோப்பையும் சிவக்கும், செங்கல்லும் சிவக்கும், மின்சாரமே பாயாத அறுந்த சுருளும் அண்டையிலுள்ள வெப்பத்தால் சிவக்கும். எனவே சூடான சூளையில் அறுந்த சுருளைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. மூட்டிய சிறிது நேரத்தில், உயிருள்ள சுருள்கள் மட்டும் சிவந்து செங்கற்கள் இன்னும் கறுத்திருக்கும் வேளையில், அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் பார்வைத் துளை வழியே பார்த்தால் அறுந்தது இருண்டு நிற்கும்.

சுருள் ஏன் முதுமை அடைகிறது?

மின்சூளைச் சுருள்கள் பெரும்பாலும் இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் கலந்த உலோகக் கலவையால் ஆனவை. சுவீடன் நாட்டு ஹான்ஸ் வான் கான்ட்சோ உருவாக்கிய இக்கலவை, காந்தால் என்னும் வணிகப் பெயரால் அறியப்படுகிறது. நம் வீட்டு மின்அடுப்புகளில் காணும் நிக்ரோம் கம்பியைவிட உயர்ந்த வெப்பநிலையைத் தாங்கவல்லது. இதன் மின்தடை எண் தாமிரத்தினுடையதைப் போல் எண்பது மடங்குக்கும் மேல்.

சூடேறும்போது கலவையிலுள்ள அலுமினியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கம்பியின் மேல் மெல்லிய அலுமினா படலமாகப் படிகிறது. இந்தப் படலமே கம்பியின் கவசம். ஆனால் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கம்பி விரிந்து சுருங்குகிறது. படலம் ஆங்காங்கே வெடித்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் மீண்டும் படலம் உண்டாக மேலும் அலுமினியம் செலவாகிறது. உலோகம் தேயத் தேயக் கம்பியின் குறுக்குப் பரப்பு குறைகிறது. நெடுங்காலச் சூட்டில் சுருள் தொய்ந்து நீளவும் செய்கிறது. நீளம் கூடினாலும் குறுக்குப் பரப்பு குறைந்தாலும் மின்தடை கூடும் என்பது நாம் அறிந்ததே. தேய்ந்து மெலிந்த ஏதோ ஓர் இடத்தில் ஒருநாள் கம்பி அறுந்தும் போகிறது.

மின்தடை 10 விழுக்காடு கூடியதும் சுருள்களை மாற்றிவிடுவது சூளை வைப்போரிடையே பரவலாக உள்ள வழக்கம்.

இங்கே மாணவர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். சூடானால் மின்தடை மாறுமே, ஆறிய சுருளில் அளந்து என்ன பயன் என்று. டங்ஸ்டன் இழை விளக்கில் அந்த ஐயம் மிகச் சரி. எரியும்போது அதன் மின்தடை குளிர்ந்த நிலையைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகிவிடும். ஆனால் காந்தால் கலவையின் மின்தடை அறை வெப்பநிலையிலிருந்து 1200 டிகிரி வரை சென்றாலும் 4 விழுக்காடு அளவே உயர்கிறது. ஆகவே ஆறிய சூளையில் அளந்த எண்ணையே நம்பிக் கணக்குப் போடலாம்.

சிறு குறைகள் பெருகும் விதம்

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சுருள் தரும் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்த ஈவு. வர்க்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் திறன் 10 விழுக்காடு அன்று, 19 விழுக்காடு குறைகிறது. 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 0.81 அல்லவா?

ஆறில் ஒரு சுருள் இல்லை. எனவே 5/6. மின்தடை 10 விழுக்காடு கூடியதால் 1.1-ஆல் வகுக்க வேண்டும். மாலையில் கிடைத்த மொத்தத் திறன் 9 × 0.81 × 5/6 ÷ 1.1. விடை ஏறத்தாழ 5.5 கிலோவாட். ஒன்பதில் மூன்றரை கிலோவாட் காணவில்லை. தனித்தனியே பார்த்தால் எந்தக் குறையும் பெரிதன்று. ஒன்றையொன்று பெருக்கும்போதுதான் அதன் கொடுமை தெரிகிறது.

ஆனால் இன்னும் ஒரு படி உள்ளது. திறன் 39 விழுக்காடு குறைந்தால் நேரம் சிறிது கூடும், அவ்வளவுதானே என்று எண்ணத் தோன்றும். ஓட்டைக் குடத்தை நினைவுகூருங்கள். வெப்பநிலையை உயர்த்துவது மொத்தத் திறனன்று. ஒழுக்குப் போக மிஞ்சும் திறனே.

1100 டிகிரியில் இந்தச் சூளையின் ஒழுக்கு சுமார் 5.2 கிலோவாட். நலமான சூளைக்கு மிச்சம் 9-இல் 5.2 போக 3.8 கிலோவாட். நோய்ப்பட்ட சூளைக்கு, மின்னழுத்தம் 230 வோல்ட்டாக இருந்த பகல் வேளையில், கிடைத்த திறன் 6.8. மிச்சம் 1.6. மாலையில் கிடைத்தது 5.5. மிச்சம் வெறும் 0.3 கிலோவாட். அந்தச் சிறு மிச்சமும் வெப்பநிலை சிறிது உயர்ந்ததும் கரைந்து போகிறது. சூளை 1130-ல் நின்றதில் வியப்பில்லை. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் சேமிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவதில்லை, முற்றிலும் அற்றுப்போகிறது. சம்பளம் வாங்கும் எவருக்கும் இது விளங்கும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மாலையில் மின்னழுத்தம் தாழ்வது அந்த ஊருக்குப் புதிதன்று. ஆனால் சூளை நலமாக இருந்த காலத்தில் காலை 6 மணிக்கு மூட்டினால் பிற்பகல் 3 மணிக்கே வேலை முடிந்துவிடும். மாலைத் தாழ்வு அதைத் தீண்டவில்லை. சுருள்கள் தளர்ந்து நேரம் நீண்டபோது, மிக அதிகத் திறன் வேண்டிய கடைசிக் கட்டம் மிகக் குறைந்த மின்னழுத்தம் உள்ள வேளையில் போய் மாட்டிக்கொண்டது. ஒரு குறை மற்றொரு குறையை வரவழைத்தது.

செலவையும் பாருங்கள். முன்பு 81 யூனிட்டில் கோப்பைகள் வெந்தன. இப்போது பகலில் 12 மணி நேரம், மாலையில் 3 மணி நேரம் எரித்து 98 யூனிட் செலவாகியும் வேகவில்லை. மெதுவான சூளை சிக்கனமான சூளை அன்று.

உங்கள் சூளையை நீங்களே ஆராய

இனி, இதுபோன்ற சூளை உங்கள் ஊரில் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது? ஒரு குறிப்பேடு, ஒரு கடிகாரம். மூட்டிய நேரம் முதல் மணிக்கொரு முறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். அந்தக் கோட்டின் வடிவமே பாதி நோயைச் சொல்லும்.

தொடக்கத்தில் மட்டும் மந்தமாக இருந்தால், பாண்டங்கள் சரியாக உலரவில்லை எனலாம். மண்ணில் 5 கிலோகிராம் நீர் எஞ்சியிருந்தால் அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கவே ஏறத்தாழ மூன்றரை யூனிட் போய்விடும். தொடக்கம் முதல் முடிவு வரை மந்தமாக இருந்து, போகப்போக மோசமானால் திறன் குறைவு. சுருள், உருகி, தொடுமுனை இவற்றை ஆராய வேண்டும். ஒரு முனையின் உருகி போயிருந்தாலும் மற்ற இரு முனைகளால் சூளை எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் இது எளிதில் கண்ணில் படாது. பாதி வழி வரை பழையபடி ஏறி, உயர்ந்த வெப்பநிலையில் மட்டும் தடுமாறினால் கதவு இடுக்கையோ மாலை நேர மின்னழுத்தத்தையோ ஐயுறலாம். நான் அடைத்த இடுக்கும் வீண்போகவில்லை. ஆனால் அது மூல நோயன்று.

கட்டுப்படுத்தும் கருவியில், மணிக்கு இத்தனை டிகிரிதான் ஏற வேண்டும் என்று யாரேனும் குறைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். எளிய காரணங்களை நாம் கடைசியில் பார்க்கிறோம்.

சூளை சரியாகவே சூடேறி, காட்டும் கருவி பொய் சொல்வதும் உண்டு. இரு வேறு உலோகக் கம்பிகளின் சந்தியைச் சூடாக்கினால் மின்னியக்கு விசை தோன்றும் என்று சீபெக் 1821-ல் கண்டார். அந்த விளைவைக் கொண்டு இயங்குவதே சூளையிலுள்ள வெப்ப மின்னிரட்டை. பரவலாகப் பயன்படும் கே வகை இரட்டை ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட் மட்டுமே தருகிறது. கம்பி பழசானாலும், இணைப்பு தளர்ந்தாலும், முனை சூளைக்குள் போதிய அளவு நீட்டாமல் இருந்தாலும் அளவு பிழையாகும். இதற்குச் சாட்சி தேவை. ஹெர்மன் சேகர் என்னும் ஜெர்மானியர் 1886-ல் அறிமுகப்படுத்திய கூம்புகள் அந்தச் சாட்சி. குறித்த வெப்பத்தில் தளர்ந்து வளையும்படி மண் கலவையால் செய்யப்பட்டவை அவை. கருவி 1130 என்று காட்டும்போது 1220-க்குரிய கூம்பு வளைந்து கிடந்தால் குற்றவாளி கருவி. நிமிர்ந்து நின்றால் குற்றவாளி சூளை. இந்தப் பட்டறையில் கூம்பு நிமிர்ந்தே நின்றது.

சூளையின் ஒழுக்கை அளக்கவும் எளிய வழி உண்டு. வெப்பநிலையை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும்போது கருவி சுருள்களை விட்டுவிட்டு எரிக்கும். சூளை சீர்பட்ட பின் 1100 டிகிரியில் நிறுத்திக் கடிகாரத்தோடு கவனித்தோம். நிமிடத்துக்குச் சராசரி 35 வினாடி எரிந்தது. 9 கிலோவாட்டை 35/60-ஆல் பெருக்கினால் 5.2. மேலே சொன்ன ஒழுக்குக் கணக்கு இப்படிக் கிடைத்ததுதான்.

உயிர் முதலில்

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சுருளையும் இணைப்புகளையும் தொடும் வேலைக்கு மின்பணியாளரையே அழையுங்கள். முதன்மை விசையை அணைத்து, மின்சாரம் இல்லை என்று மீட்டரால் உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். சூளை எரியும்போது இரும்புக் கோலையோ இடுக்கியையோ உள்ளே நீட்டுவது சுருளைத் தொட்டுவிட்டால் உயிருக்கே முடிவு. சூளையின் உடலுக்குத் தரை இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, உருகிக் கம்பியைத் தடிமனாகப் போட்டால் சூளை வேகமாக ஏறும் என்று ஒருவர் அந்த அம்மையாருக்கு யோசனை சொல்லியிருந்தார். உருகி மின்னோட்டத்தை உண்டாக்குவதில்லை, அளவு மீறினால் அறுந்து நம்மைக் காப்பதே அதன் வேலை. மின்னோட்டத்தைத் தீர்மானிப்பவை மின்னழுத்தமும் மின்தடையும். தடித்த உருகியால் ஒரு வாட் கூடக் கிடைக்காது, கோளாறு நேரும்போது கூரைக்குத் தீ கிடைக்கும்.

மீண்டும் சிவந்த சூளை

அறுந்த ஒரு சுருளை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டார்கள். புதிய சுருள் மற்றவற்றைவிட அதிகம் எரியும், சூளைக்குள் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வேகும். மற்ற ஐந்தும் எல்லையைத் தொட்டுவிட்டன. எனவே ஆறையும் மாற்றினார்கள். முதலில் பாண்டம் வைக்காமல் வெறும் சூளையைச் சூடாக்கிப் புதிய சுருள்களின் மேல் அலுமினா கவசம் படியச் செய்தார்கள். விடியற்காலை 4 மணிக்கே மூட்டுவது என்று நேரத்தையும் மாற்றிக்கொண்டார்கள்.

கோப்பைகள் அடுக்கி வைத்த முதல் சூளை பிற்பகல் ஒன்றரை மணிக்கு 1220-ஐத் தொட்டது. கூம்பு தலை சாய்ந்திருந்தது. இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது கிளேஸ் கண்ணாடியாக உருகிப் படர்ந்து மின்னியது. தவணை தவறியதால் இருநூறு கோப்பைகளில் பாதியை மட்டுமே வாங்கிக்கொண்டார்கள். என்றாலும் புதிய சூளைக்கான கடன் தேவைப்படவில்லை. சுருள்களின் விலை அதில் மிகச் சிறிய பங்கே.

அன்று முதல் அந்தப் பட்டறைச் சுவரில் ஒரு தாள் தொங்குகிறது. ஒவ்வொரு சூளைக்கும் மணிக்கொரு வெப்பநிலையும், மூன்று முனைகளின் ஆம்பியரும் அதில் எழுதப்படுகின்றன. 13 என்ற எண் 12 ஆகக் குறையும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடும். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த ஓம் விதி, நான்கு பெண்களின் கூலியைக் காவல் காக்கிறது. இந்த ஆண்டு அந்தப் பாடத்தை நடத்தும்போது கரும்பலகையில் முதலில் எழுதியது அந்த மூன்று எண்களைத்தான்: 10.7, 10.7, 5.3. “நோய் என்ன, சொல்லுங்கள்” என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, “ஒரு சுருள் அறுந்துவிட்டது சார்” என்றாள்.